கூற்றும் காட்சியும் முரணும் இடம்: ‘ஹிகுராஷி’ காட்சிப் புதினத்தில் ஐயத்தின் கதையாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்து, ஓவியம், ஒலி ஆகிய மூன்றும் கணினித் திரையில் இணைந்து கதை சொல்லும் வடிவம் ‘விஷுவல் நாவல்’ எனப்படும் காட்சிப் புதினம். ஜப்பானில் 2002 முதல் 2006 வரை எட்டு அத்தியாயங்களாக வெளிவந்த ‘ஹிகுராஷி நோ நாகு கோரோ நி’ இவ்வடிவத்தின் உளவியல் திகில் வகைக்குக் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு. இப்படைப்பில் அச்சம் எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கதைசொல்லியின் தன்மைக் கூற்று ஒன்றைச் சொல்ல, திரையிலுள்ள ஓவியம் மற்றொன்றைக் காட்டுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட முரணில்தான் ஐயம் வளர்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அந்த ஐயத்தில் வாசகரையும் பங்காளியாக்கிவிட்டு, பின்வரும் அத்தியாயங்களில் அவரது வாசிப்பையே விசாரணைக்கு உட்படுத்துவது இப்படைப்பின் தனித்தன்மை என இக்கட்டுரை நிறுவுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, முன்னம், எச்சம் ஆகிய கருத்தாக்கங்கள் பகுப்பாய்வுக் கருவிகளாகப் பயன்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காட்சிப் புதினம், ஹிகுராஷி, தன்மைக் கூற்று, நம்பகமற்ற கதைசொல்லி, முன்னம், எச்சம், வாசகர் பொறுப்பு.

1. முன்னுரை

கதைசொல்லியின் சொல்லை நம்புவது வாசிப்பின் முதல் ஒப்பந்தம். ‘நான் கண்டேன்’ என்று ஒருவன் சொன்னால், மறுப்பதற்குக் காரணம் தென்படும்வரை அதைக் கண்டதாகவே கொள்கிறோம். நம்பகமற்ற கதைசொல்லியைக் கொண்ட புதினங்கள் இந்த ஒப்பந்தத்தை மீறுபவை. ஆயினும் அச்சுப் புதினத்தில் வாசகர் சாய்வதற்குக் கதைசொல்லியின் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. காட்சிப் புதினத்தின் நிலை வேறு. அங்குச் சொல்லுடன் ஓவியமும் ஒலியும் ஒரே நேரத்தில் வாசகர்முன் நிற்கின்றன. சொல் ஒன்றும் காட்சி ஒன்றுமாக அமையும்போது வாசகர் எதை நம்புகிறார், ஏன் நம்புகிறார் என்ற வினா எழுகிறது.

இவ்வினாவை ஆராய ஹிகுராஷி ஏற்ற களம். தமிழ் மரபிலிருந்து இக்கட்டுரை சில கருத்தாக்கங்களைக் கையாள்வது அவற்றின் விளக்கும் ஆற்றல் கருதியே; இருமரபுகளுக்கும் இடையே தாக்கமோ கொடுக்கல்வாங்கலோ இருந்ததாக இங்குக் கூறப்படவில்லை. அகப்பாடல் மரபு பாத்திரங்களின் கூற்றாலேயே இயங்குவது. புலவர் தம் குரலில் இடைபுகுந்து விளக்குவதில்லை. எனவே ‘யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார்’ என்று தேர்ந்து பொருள்கொள்ளும் பயிற்சி அம்மரபில் இலக்கணமாகவே வகுக்கப்பட்டது. அப்பயிற்சி, கூற்றையே முதன்மைக் கருவியாகக் கொண்ட ஒரு மின்னூடகப் படைப்பை வாசிக்கவும் துணைசெய்கிறது.

2. காட்சிப் புதினம்: வடிவமும் பின்னணியும்

ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான சுன்சாஃப்ட் 1992இல் ‘ஓதோகிரிசோ’ என்னும் படைப்பையும் 1994இல் ‘கமாஇதாச்சி நோ யோரு’ என்னும் படைப்பையும் வெளியிட்டது. பின்புலப் படத்தின்மேல் திரை முழுவதும் எழுத்து பரவ, ஒலியின் துணையுடன் கதையை வாசித்துச்செல்லும் இவ்வகை ‘ஒலிப் புதினம்’ எனப்பட்டது. இரண்டாவது படைப்பில் பாத்திரங்கள் முகமற்ற நிழலுருவங்களாகவே வரையப்பட்டனர். 1996இல் லீஃப் நிறுவனம் ‘ஷிசுகு’ என்னும் படைப்பை வெளியிட்டபோது ‘விஷுவல் நாவல்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. மனச்சிதைவையும் வன்மத்தையும் பேசிய ஷிசுகு, இவ்வடிவத்தின் இருண்ட கிளைக்கும் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று.

ஹிகுராஷி ‘தோஜின்’ எனப்படும் தன்வெளியீட்டுச் சூழலில் பிறந்தது. ரியூகிஷி07 என்னும் புனைபெயர் கொண்ட எழுத்தாளரின் ‘07-த் எக்ஸ்பான்ஷன்’ குழு, டோக்கியோவில் ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் காமிக்கெட் என்னும் தன்வெளியீட்டுச் சந்தையில் 2002 ஆகஸ்டில் முதல் அத்தியாயத்தை விற்பனைக்கு வைத்தது. கதையை எழுதியவரும் பாத்திரங்களை வரைந்தவரும் ரியூகிஷி07 ஒருவரே. முறையான ஓவியப் பயிற்சியின் மெருகு அவ்வோவியங்களில் இல்லை. பின்புலங்கள் புகைப்படங்களை மென்பொருளில் வடிகட்டிப் பெற்றவை. பொருள்வளம் குறைந்த சூழலின் விளைவுகளாகிய இவை கதையாக்கத்தின் உறுப்புகளாக எவ்வாறு மாறின என்பதைக் கட்டுரையின் ஐந்தாம் பகுதி விளக்கும்.

3. கதைக்களமும் அத்தியாய அமைப்பும்

கதை நிகழ்வது 1983 ஜூன் மாதம், ஹினமிசவா என்னும் கற்பனை மலையூரில். நகரத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த மாஎபரா கேயிச்சி என்னும் சிறுவன், பல வயதினரும் ஒரே வகுப்பறையில் பயிலும் ஊர்ப்பள்ளியில் ரேனா, மியோன், சாதோகோ, ரிக்கா என்னும் தோழியரைப் பெறுகிறான். அணை கட்டும் திட்டத்தை எதிர்த்துப் போராடி வென்ற ஊர் அது. ஆனால் 1979 முதல் ஒவ்வோராண்டும் ‘வதனகாஷி’ திருவிழா இரவில் ஒருவர் இறக்கிறார், மற்றொருவர் காணாமற்போகிறார். ஊர்த் தெய்வமாகிய ஓயாஷிரோவின் சாபம் என்பர் சிலர். ஊராரின் சதி என்பர் வேறு சிலர்.

ஹினமிசவாவின் தோற்றம் கிஃபு மாநிலத்தின் ஷிரகவா-கோ ஊரை மாதிரியாகக் கொண்டது. செங்குத்தான கூரைவேய்ந்த வீடுகளுக்காக 1995இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. அதே ஷோ ஆற்றில் 1961இல் கட்டிமுடிக்கப்பட்ட மிபோரோ அணை சில ஊர்களை நீரில் ஆழ்த்தியது. ஆகவே அணையும் ஊரிழப்பும் அந்நிலத்துக்கு வெறும் கற்பனை அல்ல.

எட்டு அத்தியாயங்களுள் முதல் நான்கு வினா அத்தியாயங்கள். 2004 டிசம்பர் முதல் 2006 ஆகஸ்ட் வரை வெளிவந்த பின்னான்கும் விடை அத்தியாயங்கள். முதல் மூன்றும் ஒரே ஜூன் மாதத்தையே மீண்டும் மீண்டும் சொல்கின்றன. ஒவ்வொன்றிலும் நிகழ்வுகள் வேறு, கொலையாளி வேறு, பேரழிவு மட்டும் பொது. நான்காவது அத்தியாயம் 1978க்குச் சென்று, டோக்கியோவிலிருந்து வரும் அகசகா என்னும் காவல் அதிகாரியின் நோக்கில் ஊரைக் காட்டுகிறது. கதையிடையே ‘டிப்ஸ்’ என்னும் பெயரில் செய்தித்தாள் துணுக்குகள், வழக்குக் குறிப்புகள், தொடர்பற்ற உரையாடல்கள் ஆகியன சேர்க்கப்பட்டுள்ளன. அத்தியாய முடிவில் பாத்திரங்களே வேடம் கலைத்தவர்போல் ஒன்றுகூடி நடந்தவற்றை விவாதிக்கும் ஒரு பகுதியும் உண்டு. வாசகர் தமக்குள் புதிரைத் தீர்க்க முயல்வதற்கு அப்பகுதி வெளிப்படையான அழைப்பு.

4. கூற்று: சொன்னவன் கண்டதும் கொண்டதும்

முதல் அத்தியாயமாகிய ‘ஓனிககுஷி’யின் பெரும்பகுதி நட்பின் களிப்பைப் பேசுவது. சீட்டாட்டம், தண்டனை விளையாட்டு, வனபோசனம் எனக் கதை நிதானமாக நகர்கிறது. முதல் விரிசல் மிகச் சிறியது. அணைப் பணியிடத்தில் முன்னர் ஒரு கொலை நடந்ததைக் கேயிச்சி கேள்வியுற்றுத் தோழியரிடம் வினவுகிறான். ‘அப்படி எதுவும் இல்லை’ என்று அவர்கள் மறுக்கின்றனர். புதிதாக வந்தவனை அச்சுறுத்த வேண்டாம் என்ற கனிவு அது. ஆயினும் அம்மறுப்பு பொய் என்று பின்னர் அறிந்த கேயிச்சிக்கு அது சதியின் முதல் தடயமாகிறது. காவல்துறையைச் சேர்ந்த ஓஇஷி அவனைத் தனியே சந்தித்து ஐயத்துக்கு உரமிடுகிறார். இதன்பின் தோழியரின் ஒவ்வொரு செயலும் கேயிச்சியின் கூற்றில் இருபொருள் கொள்கிறது.

இவ்விடத்தில் கூற்றின் இலக்கண அமைப்பு கவனிக்கத்தக்கது. நோய்வாய்ப்பட்டு வீட்டிலிருக்கும் கேயிச்சிக்குத் தோழியர் ஓஹாகி என்னும் அரிசி இனிப்பைக் கொண்டுவருகின்றனர். அதைக் கடித்தவன் உள்ளே ஊசி இருந்ததாகக் கூறுகிறான். ‘ஊசி இருந்ததுபோல் தோன்றியது’ என்று எழுத்து சொல்வதில்லை. ஊசி இருந்தது என்றே நேர்ச்செய்தியாகத் தருகிறது. இறுதியில் மியோன் ஊசிமருந்துக் குழலுடன் நெருங்குவதாகக் கண்டு, அவளையும் ரேனாவையும் அடித்துக் கொல்கிறான். பின் தன் தொண்டையைத் தானே கீறிக்கொண்டு இறக்கிறான். ஆறாவது அத்தியாயமாகிய ‘த்சுமிஹோரோபோஷி’யில்தான் உண்மை வெளிப்படுகிறது. இனிப்பில் இருந்தது விளையாட்டாகக் கலந்த டபாஸ்கோ மிளகாய்ச் சாறு. மியோனின் கையிலிருந்தது தண்டனை விளையாட்டுக்கு முகத்தில் கிறுக்கும் மை எழுதுகோல். கண்டது ஒன்று, கொண்டது ஒன்று. கொண்டதையே கண்டதாகச் சொன்னது கூற்று.

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் ஆகியன அடங்கும். இவ்விடத்தில் இப்பேச்சு இவருக்கு உரியது என்று சூழல்கொண்டு உணர்வது முன்னம். சொல்லாலோ குறிப்பாலோ கேட்போர் நிறைவுசெய்து கொள்ளும்படி விடப்படுவது எச்சம். ஹிகுராஷியின் மூல வடிவில் உரையாடல்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை. மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சு யாருடையது என்பதைப் பேச்சுநடையைக் கொண்டே வாசகர் உணர வேண்டும். அகப்பாடல்களுக்குத் தலைவி கூற்று, தோழி கூற்று என்னும் குறிப்புகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. அக்குறிப்புகளை நீக்கிவிட்டுப் பாடலை வாசிப்பவரின் நிலையும் இதுவே.

ஜப்பானிய மொழியியலாளர் கின்சுயி சதோஷி 2003இல் வெளியிட்ட நூலில், ஒரு பேச்சுநடையைக் கேட்ட அளவில் குறிப்பிட்டவகை மனிதரை நினைவூட்டும் மொழிவழக்கை ‘யகுவாரிகோ’, அதாவது பாத்திர மொழி, என விளக்கினார். ஹிகுராஷியில் சாதோகோ செல்வக்குடிப் பெண்களின் நடையில் பேசுகிறாள். ரேனா வினாவிகுதியை இரட்டிக்கிறாள். மியோன் தன்னைத்தானே ‘நடுவயது ஆடவர்’ என்னும் பொருள்படச் சுட்டிக்கொள்கிறாள். ரிக்கா சிறுவருக்குரிய தன்மைப் பெயரைப் பயன்படுத்துகிறாள். இவை நகைச்சுவைக்கெனச் சேர்த்த அணிகலன்கள் போலத் தோன்றினும் முன்னத்தின் கருவிகளாகவே செயற்படுகின்றன. ரேனாவின் குழைவான பேச்சு திடீரென நின்று, ‘பொய்!’ என்னும் பொருள்படும் ஒற்றை அலறல் எழும் காட்சி இப்படைப்பின் புகழ்பெற்ற இடம். பேச்சுநடை மாறியதாலேயே அங்குப் பேசுபவள் வேறொருத்தி என்ற அச்சம் பிறக்கிறது.

கேயிச்சி விட்டுச்செல்லும் மடல் எச்சத்துக்கு எடுத்துக்காட்டு. தன்னைக் கொல்லச் சதி நடப்பதாக அவன் எழுதிய மடலின் ஒரு பகுதி கிழிந்து காணாமற்போயிருக்கிறது. அவ்விடைவெளியை ஒவ்வொரு வாசகரும் தத்தம் ஐயத்தால் நிரப்பிக்கொள்கிறார். நிரப்பியது கேயிச்சியின் மனம் அன்று, தம் மனம் என்பதை அப்போது அவர் உணர்வதில்லை.

5. காட்சி: ஓவியத்தின் எளிமை செய்யும் வேலை

5.1 பாத்திர உருவங்கள்

ஹிகுராஷியின் மூல ஓவியங்கள் திறமையற்றவை என்று பலராலும் நகையாடப்பட்டவை. கைகள் விரல் பிரியாக் கையுறைபோல் பெருத்தும், உடல்கள் தட்டையாகவும் அமைந்துள்ளன. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சில நிற்கும் நிலைகளும் முகபாவங்களுமே உண்டு. எனவே ஒரே சிரிப்பு முகம் பல இடங்களில் திரும்ப வருகிறது.

இவ்வறுமையே பொருள்வளமாகிறது. கதையின் முற்பகுதியில் நட்பைக் காட்டிய அதே சிரிப்பு பிற்பகுதியிலும் மாற்றமின்றித் திரையில் நிற்கிறது. கேயிச்சியின் கூற்றோ அதை ஏளனம் என்றும் முகமூடி என்றும் சொல்கிறது. ஓவியத்தில் ஒரு கோடும் மாறவில்லை. மாறியது அதற்குக் கூற்று தரும் உரை மட்டுமே. பாடம் ஒன்றாயிருக்க உரை வேறுபடுவதை உரை மரபில் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். வாசகர் பெரும்பாலும் உரையின் பக்கமே சாய்கிறார். தம் கண்முன் உள்ள கள்ளமற்ற முகத்தைவிட, அஞ்சிய ஒருவனின் விளக்கத்தை நம்புகிறார். திரையில் இருந்த சிரிப்பு தொடக்கம் முதலே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது விடை அத்தியாயங்களில்தான் புலனாகிறது.

எனினும் ஓவியம் எங்கும் நடுநிலையாக நிற்கிறது என்று கூற இயலாது. ரேனா அலறும் காட்சியில் அவள் விழிகள் மாறி வரையப்பட்டுள்ளன. அங்கு ஓவியமும் கேயிச்சியின் அச்சத்துக்குள் இழுக்கப்படுகிறது. எனவே காட்சியைச் சான்றாகக் கொள்ளும் வாசகரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியுள்ளது. எந்த முகம் தோழியருடையது, எந்த முகம் கேயிச்சி கண்டது என்று பிரித்தறியும் குறியீடு திரையில் இல்லை.

தொடக்க அத்தியாயங்களில் கதைசொல்லியாகிய கேயிச்சிக்குத் திரையில் உருவமே இல்லை. அனைவரையும் பார்ப்பவன் அவன், பார்க்கப்படாதவனும் அவன். கதை பிறர் நோக்கில் நகரும் விடை அத்தியாயங்களில் அவனுக்கும் உருவம் வரையப்படுகிறது. அதே தட்டையான உடல், அதே பெருத்த கைகள். பிறரை ஐயுற்று நோக்கிய ஒருவன், மற்றவர் பார்வையில் தானும் ஒரு சாதாரண முகமே என்பதை ஓவியம் சொல்லின்றி உணர்த்துகிறது.

2007இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கென வெளிவந்த வடிவில் பாத்திரங்கள் வேறோர் ஓவியரால் நேர்த்தியாக வரையப்பட்டனர். நடிகர்களின் குரலும் சேர்க்கப்பட்டது. 2015 முதல் வெளிவந்த ஆங்கில மறுபதிப்பில் பழைய ஓவியத்தையும் புதிய ஓவியத்தையும் வாசகரே மாற்றிமாற்றிப் பார்க்க இயலும். எழுத்து மாறாமல் ஓவியம் மட்டும் மாறும் இவ்வமைப்பு ஆய்வாளர்க்கு வாய்த்த நல்ல ஒப்பீட்டுக் களம். புதிய முகங்கள் அழகும் உணர்ச்சித் தெளிவும் மிக்கவை. ஆனால் உணர்ச்சி தெளிவாகும் அளவுக்கு ஐயத்துக்குரிய இடம் சுருங்குகிறது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு.

5.2 ஆளற்ற பின்புலம்

பின்புலங்கள் புகைப்படத்திலிருந்து பெறப்பட்டவை; பாத்திரங்கள் கோட்டோவியங்கள். இரண்டும் ஒட்டாமல் நிற்பது முதலில் குறையாகவே படுகிறது. ஆயின் வயல், கூரைவீடு, கற்படி, கோயில் முற்றம் ஆகியன உண்மையான ஓர் ஊரின் திண்மையுடன் இருக்க, அவற்றில் மனிதர் இல்லை. ஊரார் பெரும்பாலோர்க்குத் தனி உருவமும் இல்லை. கூற்றில் ‘ஊர்’ என்று சொல்லப்படும் திரள் காட்சியில் முகமற்றதாக, வெறும் நிலமாக எஞ்சுகிறது. முகமில்லாத திரள்மீது எந்த நோக்கத்தையும் ஏற்றிவிடலாம். ஊர் முழுவதும் தன்னைக் கொல்லச் சதி செய்கிறது என்னும் கேயிச்சியின் எண்ணத்தை இந்த ஆளற்ற நிலக்காட்சிகள் மறுப்பதில்லை.

5.3 காட்டப்படாத கொடுமை

வன்முறைமிக்க படைப்பு என்று பெயர்பெற்ற ஹிகுராஷியின் மூல வடிவில் கொலையைச் சித்திரிக்கும் தனிப்படம் ஒன்றும் இல்லை. அத்தகைய இடங்களில் திரை இருள்கிறது, அல்லது நிறம் மாறுகிறது. எழுத்தும் ஒலியுமே எஞ்சுகின்றன. கொடுமையின் உருவத்தை வாசகரே தம் மனத்தில் வரைகிறார். ஊசியைக் கேயிச்சி வரைந்ததும் அவ்வாறே. கதைமாந்தன் செய்யும் பிழைக்கும் வாசகர் செய்யும் வேலைக்கும் இடையே உள்ள ஒற்றுமை இவ்விடத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

5.4 ஒலி

‘ஹிகுராஷி’ என்பது மாலையில் கத்தும் ஒருவகைச் சிள்வண்டு. ‘சிள்வண்டுகள் கத்தும் வேளையில்’ என்பது தலைப்பின் பொருள். ஜப்பானியர்க்குக் கோடையையும் பிள்ளைப்பருவ விடுமுறையையும் நினைவூட்டும் ஒலி அது. நட்பின் காட்சிகளில் இனிமையாக ஒலிக்கும் அவ்வொலி, ஐயத்தின் காட்சிகளிலும் மாறாமல் தொடர்கிறது. சிரிப்பு முகத்தைப்போலவே ஒலியும் தன் நிலையில் நிற்க, அதைக் கேட்பவன் மாறுகிறான். சில இடங்களில் ஒலி திடீரென அறுபடுகிறது. அம்மௌனமே அச்சத்தின் வருகையை அறிவிக்கிறது.

6. இரட்டையர்: முன்னம் பொய்க்கும் இடம்

முதல் அத்தியாயத்தில் காட்சி உண்மையாகவும் கூற்று பொய்யாகவும் நின்றன. அதனை உணர்ந்த வாசகர் இனிக் காட்சியை நம்பலாம் என்று கருதக்கூடும். இரண்டாவது அத்தியாயமாகிய ‘வதனகாஷி’ அந்நம்பிக்கையையும் உடைக்கிறது. மியோனுக்குச் சீயோன் என்னும் இரட்டைச் சகோதரி உண்டு. கூந்தலை உயர்த்திக் கட்டினால் மியோன், விரித்துவிட்டால் சீயோன் என்று ஓவியம் வேறுபடுத்துகிறது. அத்தியாயத்தின் பிற்பகுதியில் கொலைகளைச் செய்பவள் மியோன் என்று கேயிச்சி கூறுகிறான். திரையிலும் மியோனின் உருவமே நிற்கிறது. ஐந்தாவது அத்தியாயமாகிய ‘மேஅகாஷி’ அதே நிகழ்வுகளைச் சீயோனின் கூற்றாகத் திரும்பச் சொல்லும்போது, மியோனைப்போல் உடுத்தி, மியோனின் நடையில் பேசியவள் சீயோன் என்பது தெரியவருகிறது.

இங்குக் கேயிச்சி பொய்யுரைக்கவில்லை. ஓவியமும் ஒருவகையில் பொய்யுரைக்கவில்லை. தோற்றத்தையும் பேச்சுநடையையும் கொண்டு ஆளை உணரும் வழக்கமே ஏமாற்றுக்கு இடம்தந்தது. முன்னத்தின் கருவிகள் அனைத்தையும் ஒருத்தி வேண்டுமென்றே கைக்கொண்டால் முன்னம் பொய்க்கும். மேலும், இச்சகோதரியர் இளமையிலேயே ஒருமுறை இடம் மாறியவர்கள் என்பதையும் அவ்வத்தியாயம் வெளிப்படுத்துகிறது. ‘உண்மையான மியோன் யார்’ என்ற வினா அதனால் விடையற்றதாகிறது. குற்றவாளியைத் தேடிய வாசகர், பெயர் என்பதே ஒருவர்மீது பிறர் சுமத்தியதாக இருக்கக்கூடும் என்ற இடத்தில் வந்து நிற்கிறார்.

7. தேர்வின்மையும் வாசகர் பொறுப்பும்

காட்சிப் புதினங்களில் பெரும்பாலானவை ஆங்காங்கே வாசகருக்குத் தேர்வுகளைத் தருபவை. தேர்வுக்கேற்பக் கதை கிளைக்கும். ஹிகுராஷியின் மூல வடிவில் கதையின் போக்கை மாற்றும் தேர்வுகள் இல்லை. மேற்சுட்டிய 2007ஆம் ஆண்டு வடிவிலேயே அவை சேர்க்கப்பட்டன. தேர்வே இல்லாத ஒன்றை விளையாட்டு எனலாமா என்ற வினா இயல்பாக எழுகிறது. வாசகருக்கு விடப்பட்ட ஒரே செயல் பொருள்கொள்ளுதல் என்பதே அதற்கு விடை.

தேர்வு தரப்பட்டிருந்தால் கேயிச்சியின் பிழையிலிருந்து வாசகர் தம்மை விலக்கிக்கொண்டிருக்கலாம். ‘நான் வேறு வழியைத் தேர்ந்தேன்’ என்று சொல்ல இயன்றிருக்கும். தேர்வின்மை அந்த வாயிலை அடைக்கிறது. ஆனால் ஊசி இருந்தது என்று நம்பியது வாசகரே. தோழியரைக் கொலையாளிகள் என்று முடிவுகட்டி, தம் முடிவுகளைப் பிற வாசகரோடு விவாதித்ததும் வாசகரே. முதல் அத்தியாயம் வெளிவந்த 2002 ஆகஸ்டுக்கும் அதன் உண்மை வெளிப்பட்ட 2005 ஆகஸ்டுக்கும் இடையே மூன்று ஆண்டுகள். அவ்வளவு காலம் வாசகர் அந்த ஐயத்தோடு வாழ்ந்தனர்.

ஆறாவது அத்தியாயத்தின் மையக்காட்சி இதன்பின்னரே முழுப்பொருள் பெறுகிறது. இம்முறை ஐயத்தில் சிக்கியவள் ரேனா. அவளைத் தடுக்க முயலும் கேயிச்சிக்கு, தான் வாழாத வேறொரு ஜூன் மாதத்தின் நினைவு மேலெழுகிறது. அந்த உலகில் தான் தோழியரைக் கொன்றதை உணர்ந்து அழுகிறான். உயிரோடு தன் முன் நிற்பவர்களிடம், அவர்கள் அறியாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிறான். நிகழாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது சட்டத்தின் நோக்கில் பொருளற்றது. வாசிப்பின் நோக்கில் அது மிகச் சரியானது. ஏனெனில் அக்குற்றத்தை நிகழ்ந்ததாக வாசித்தவர் ஒருவர் உண்டு, அவர் வாசகர்.

ஏழாவது அத்தியாயம் இதனைச் செயலாக விரிக்கிறது. இரண்டாவது அத்தியாயத்தில் கேயிச்சி ஒரு பொம்மையை மியோனுக்குத் தராமல் ரேனாவுக்குத் தந்தான்; அச்சிறு புறக்கணிப்பிலிருந்தே பேரழிவு தொடங்கியது. ஏழாவதில் அப்பொம்மை மியோனிடம் சேர்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில், சிற்றப்பனின் கொடுமையிலிருந்து சாதோகோவை மீட்க அவனைக் கொல்வதே வழி என்று கேயிச்சி தனித்து முடிவெடுத்தான். ஏழாவதில் நண்பர்களும் பின்னர் ஊராரும் திரண்டு குழந்தைகள் நல அலுவலகத்தில் முறையிட்டு அவளை மீட்கின்றனர். சாதோகோவின் பெற்றோர் அணைத் திட்டத்தை ஆதரித்தவர்கள் என்பதால் அக்குடும்பத்தை ஊர் ஒதுக்கிவைத்திருந்தது. ஆகவே அவளுக்காக ஊர் திரள்வது ஒரு சிறுமியை மீட்பதோடு நில்லாமல் ஊரின் பழைய பகையையும் தளர்த்துகிறது. முகமற்றிருந்த திரள் இங்குப் பேச்சையும் மனமாற்றத்தையும் பெறுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கைச் சொல்லும். ஹிகுராஷியின் வாசகர் நெடுநேரம் அணங்கின் சாபம் என்பதற்கும் மனிதரின் சதி என்பதற்கும் இடையே அலைகிறார். இரண்டும் புறத்தே உள்ளவை. அச்சத்தின் உண்மையான நிலைக்களன், அன்புடையார் சொல்லைத் திரித்துக்கொள்ளும் தன் நெஞ்சே என்பதைக் காட்டுவதில் இப்படைப்பின் உளவியல் ஆழம் அமைந்துள்ளது.

8. நோய் என்னும் விளக்கம்: ஒரு மதிப்பீடு

இப்படைப்பின் வலுவற்ற பகுதியையும் சுட்ட வேண்டும். ஐயத்துக்கும் வெறிக்கும் காரணம் அந்நிலத்துக்குரிய ஓர் ஒட்டுண்ணியால் வரும் ‘ஹினமிசவா நோய்’ என்று விடை அத்தியாயங்கள் விளக்குகின்றன. அதனை ஆராய்வோரின் அரசியல் சதியும் கதையில் புகுகிறது. புதிர் என்ற அளவில் இவ்விளக்கம் முடிச்சுகளை அவிழ்க்கிறது. உளவியல் புனைவு என்ற அளவில் அது இழப்பே. மனத்தின் செயலென நுட்பமாகக் காட்டப்பட்ட ஒன்று உடலின் கோளாறாகச் சுருங்குகிறது. மனநலம் குன்றியோர் வன்முறையாளர் என்னும் தவறான பொதுக்கருத்துக்கும் அது துணைபோகும் இடர் உண்டு.

இவ்விழப்பைப் படைப்பே ஓரளவு ஈடுசெய்கிறது. நோய் காரணமாக இருந்தபோதும் கேயிச்சி தன் குற்றத்தை நோயின்மேல் ஏற்றித் தப்பவில்லை. நோயின் பெயர் வாசகருக்குத் தெரியவரும் முன்னரே மன்னிப்பு நிகழ்ந்துவிடுகிறது என்னும் வைப்புமுறை கருதத்தக்கது. விளக்கத்துக்கு முன் பொறுப்பு வருகிறது.

2007 செப்டம்பரில் ஜப்பானில் நிகழ்ந்த ஒரு கொலையை அடுத்து, இப்படைப்பின் தழுவலாகிய அசைவூட்டத் தொடரின் ஒளிபரப்பைச் சில தொலைக்காட்சி நிலையங்கள் நிறுத்தின. தோற்ற ஒற்றுமையைக் கொண்டு ஒரு படைப்பை ஐயுறுவது, இப்படைப்பு எதை எச்சரித்ததோ அதே வகை வாசிப்பு. ஆயினும் வினா அத்தியாயங்களை மட்டும் அறிந்தோர்க்கு அவ்வையம் எழுவதில் வியப்பில்லை. கொடுமையும் அதன் மறுவாசிப்பும் ஆண்டுக்கணக்கான இடைவெளியில் பிரிந்து நிற்கும் கதையமைப்பு தானே ஏற்றுக்கொண்ட இடர் அது.

9. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

• ஹிகுராஷியில் அச்சம் கொடூரக் காட்சிகளால் விளைவதில்லை. மாறாத ஓவியத்துக்கும் மாறும் கூற்றுக்கும் இடையிலான முரணே அதன் ஊற்று.

• பயிற்சிக் குறையால் எளிமையாக அமைந்த பாத்திர உருவங்களும், புகைப்படவழிப் பின்புலங்களும், தனிப்படங்களின் இன்மையும் அம்முரணைக் கூர்மையாக்கும் உறுப்புகளாகச் செயற்படுகின்றன. பிற்கால வடிவங்களின் நேர்த்தி அதனை ஓரளவு மழுக்குகிறது.

• இரட்டையர் பகுதி, காட்சியும் பேச்சுநடையும்கூட முற்றான சான்றுகள் ஆகா என்பதைக் காட்டி, எளிய விடையில் வாசகர் அமைதிகொள்வதைத் தடுக்கிறது.

• தேர்வுகளை அளிக்காததன் வழி, பொருள்கொள்ளுதலை வாசகரின் ஒரே செயலாக்கி, அதற்கான பொறுப்பையும் இப்படைப்பு அவரிடமே ஒப்படைக்கிறது.

• கூற்று, முன்னம், எச்சம் ஆகிய கருத்தாக்கங்கள் செய்யுளுக்கு அப்பால், எழுத்தும் காட்சியும் ஒலியும் கலந்த மின்னூடகப் புனைவுகளைப் பகுத்தாயவும் ஆற்றல் வாய்ந்தவை. முன்னம் பொய்க்கும் நிலைகளைத் தனியே வகைப்படுத்துவது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வு.

ஐயுறுதல் அறிவின் தொடக்கம் என்பது ஆய்வுலகின் வழக்கு. ஐயம் தனக்கு வேண்டிய சான்றுகளைத் தானே படைத்துக்கொள்ளவும் வல்லது என்பதை ஹிகுராஷி உணர்த்துகிறது. அதனை முழுமையாக வாசித்தவர், முதல் அத்தியாயத்துக்கு மீண்டு அதே சிரிப்பு முகங்களைக் காணும்போது, ஓவியத்தில் எதுவும் மாறவில்லை என்பதையும் தம் வாசிப்பே மாறியுள்ளது என்பதையும் அறிவார்.